சண்டை கேம்களுக்குக் கை வலிக்காத கன்ட்ரோலர் எது? (ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8)

கென்_கோவை

எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்ததிலிருந்து (2023 ஜூன்) விடாமல் ஆடி வருகிறேன். கணினியில்தான். பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் பேடை ஒயரில் மாட்டியிருக்கிறேன். ஆடுவது கென் என்ற பாத்திரம், கிளாசிக் கன்ட்ரோல் (திசைகளைச் சுழற்றி மூவ் போடும் முறை). பிளாட்டினம் ராங்க் வரை வந்தாயிற்று. இப்போது ஆட்டத்தை விடக் கைதான் பெரிய கவலையாக இருக்கிறது.

இடது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, மந்தமாக ஒரு வலி. ராங்க் மேட்ச் தொடர்ந்து ஆடினால் ஆரம்பித்துவிடும். திரையின் வலப்பக்கம் நின்று ஷோர்யுகென் (எழும்பியபடி மேல்நோக்கிக் குத்தும் மூவ்) போடும்போது இன்னும் அதிகம். போதாக்குறைக்கு, டி-பேடில் (இடப்பக்கத் திசை பட்டன்கள்) உரசி உரசி விரல் நுனித் தோலும் தடித்துவிட்டது.

கன்ட்ரோலரை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதற்கு மாற்றுவது? ஆர்கேட் ஸ்டிக்கா, லெவர்லெஸ்ஸா, ஆறு பட்டன் பேடா? என் கை சிறியது. இரவில்தான் ஆட நேரம் கிடைக்கிறது, பக்கத்து அறையில் குழந்தை தூங்கும், அதனால் சத்தமும் முக்கியம். 15,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். எதில் ஆடினால் ஜெயிக்கலாம் என்று நான் கேட்கவில்லை. எது கைக்கு இதம் என்று ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_காசு

ஸ்டிக் வாங்குங்கள் தம்பி. இந்த கேம் பிறந்ததே ஸ்டிக்கில்தான். மேலே மூன்று குத்து, கீழே மூன்று உதை என்று ஆறு பட்டன் வரிசையை ஆர்கேட் மெஷினுக்காகத்தான் வடிவமைத்தார்கள். பேடில் அந்த ஆறில் இரண்டைத் தூக்கித் தோள்பட்டை பட்டன்களில் வைத்துவிடுகிறார்கள். கனமான குத்து ஆர்1-இல், கனமான உதை ஆர்2-இல். ஆர்2 கார் ஓட்டுவதற்காகச் செய்த ட்ரிகர், ஆழமாக அழுத்த வேண்டும். சண்டை கேமுக்கு அது ஒத்துவராது.

வலிக்கு வருவோம். பேடில் முழு வேலையும் ஒரே ஒரு கட்டைவிரல் மூட்டுக்கு. ஸ்டிக்கில் அதே வேலையை விரல்கள், மணிக்கட்டு, முன்கை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும்.

வாங்கும்போது என்ன லெவர் (கையால் பிடித்து அசைக்கும் தண்டு) இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானோர் ஆடுவது ஜப்பானின் சான்வா ஜேஎல்எஃப். தலையில் 35 மில்லிமீட்டர் உருண்டை, லேசான ஸ்பிரிங், அடியில் சதுர கேட் (லெவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்கும் சட்டம்). அதோடு சான்வா ஓபிஎஸ்எஃப்-30 பட்டன்கள். கை வைத்தாலே அழுந்திவிடும், தட்ட வேண்டியதில்லை. இதைவிட இறுக்கமாக, குறைந்த தூரம் அசைகிற லெவர் வேண்டுமென்றால் செய்மிட்சு எல்எஸ்-32.

உங்கள் பட்ஜெட்டில் மேஃப்லாஷ் எஃப்300 மாதிரி ஒரு பெட்டியை வாங்கி, உள்ளே இருக்கும் லெவரையும் பட்டனையும் கழற்றிவிட்டு சான்வா மாட்டலாம். சால்டரிங் கிடையாது. ஒயர்களைப் பிடுங்கிச் செருகினால் போதும்.

பிசியோ_நித்யா

நான் பிசியோதெரபிஸ்ட், டெக்கனும் ஆடுவேன். எதையும் வாங்குவதற்கு முன்னால் சில கேள்விகள்.

வலி சரியாக எங்கே? உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரலின் சதைமேடு இருக்கிறதே, அதிலா? அல்லது மணிக்கட்டின் ஓரத்தில், கட்டைவிரல் தொடங்கும் எலும்பின் மேலா? இரண்டும் வேறு வேறு.

மணிக்கட்டின் ஓரம் என்றால் இதைச் செய்து பாருங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொள்ளுங்கள். அப்படியே முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். ஓரத்தில் சுரீரென்று இழுத்தால், கட்டைவிரலைத் தூக்கவும் விரிக்கவும் உதவும் இரண்டு தசைநாண்கள் தங்கள் உறைக்குள் உரசி வீங்கியிருக்கலாம். டி கெர்வான் என்று சொல்வார்கள். கைக்குழந்தையை அடிக்கடி தூக்குகிறவர்களுக்கும் இது வரும். உங்கள் வீட்டில் குழந்தை இருப்பதாகச் சொன்னதால் கேட்கிறேன்.

அப்படி இருந்தால் முதலில் ஓய்வு, அப்புறம் நேரில் ஒரு மருத்துவர். கன்ட்ரோலர் மாற்றுவது வலிக்கு மருந்து ஆகாது. வலி குறைந்த பிறகு அது திரும்பி வராமல் இருக்கத்தான் உதவும்.

கென்_கோவை

@பிசியோ_நித்யா நன்றி. நீங்கள் சொன்னபடி முஷ்டியைச் சாய்த்துப் பார்த்தேன், சுரீரென்று எதுவும் இல்லை. சதைமேட்டில்தான் களைப்பு மாதிரி வலிக்கிறது. குழந்தைக்கு நான்கு வயது, தூக்கும் வேலை குறைந்துவிட்டது. ஆனால் டி-பேடை மிக அழுத்தமாகப் பிடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மேட்ச் நெருக்கமாகப் போகும்போது நகம் வெளுக்கிற அளவுக்கு.

எட்டுத்திக்கு

சதைமேட்டுக் களைப்பு என்றால் லெவர்லெஸ்ஸைக் கண்டிப்பாக ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

தெரியாதவர்களுக்காக: லெவர்லெஸ்ஸில் லெவரே கிடையாது. திசைகள் எல்லாம் பட்டன்கள். இடது கையின் மோதிரவிரல், நடுவிரல், ஆட்காட்டி விரலுக்கு முறையே இடம், கீழ், வலம். குதிப்பதற்கு நடுவே கீழே ஒரு பெரிய பட்டன், அதைக் கட்டைவிரல் அழுத்தும். ஹிட்பாக்ஸ் என்ற நிறுவனம் பரவலாக்கியதால் பலர் எல்லாவற்றையுமே ஹிட்பாக்ஸ் என்றுதான் சொல்வார்கள். ஆர்மோனியத்தில் கை வைப்பது போலத்தான். விரல்கள் ஒரே இடத்தில் இருக்கும், அழுத்துவது மட்டும்தான் வேலை.

கைக்கு இதம் என்பது இங்கேதான். ஹடோகெனை (தூரத்திலிருந்து எறியும் சக்திப் பந்து) எடுத்துக்கொள்ளுங்கள். பேடில் கட்டைவிரல் கீழிருந்து முன்பக்கம் உருள வேண்டும். லெவர்லெஸ்ஸில்: கீழை அழுத்து, அதை விடாமல் முன்னை அழுத்து, கீழை விடு. விரல் அரை சென்டிமீட்டர்கூட நகராது.

ஷோர்யுகென் இன்னும் அழகு. வலப்பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று வையுங்கள். வலத்தை அழுத்திப் பிடியுங்கள், அது முன். பிடித்தபடியே இடத்தையும் கீழையும் சேர்த்து அழுத்துங்கள். இடமும் வலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், மிச்சம் கீழ் மட்டும். இப்போது இடத்தை விடுங்கள், கீழும் வலமும் சேர்ந்து மூலைவிட்டம் ஆகிவிடும். முன், கீழ், கீழ்முன். கூடவே குத்து. எந்தப் பக்கம் நின்றாலும் இடமும் வலமும் மாறுமே தவிர சிரமம் ஒன்றுதான். வலப்பக்கம் நிற்கும்போது அதிகம் வலிக்கிறது என்றீர்களே, அந்தப் பிரச்சினைக்கு இது நேரடி விடை.

பழைய_காசு

லெவர்லெஸ் நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் முதல் சில வாரங்கள் குதிக்க நினைத்தால் குனிவார், குனிய நினைத்தால் நடப்பார். பிளாட்டினம் வரை வந்தவருக்கு அது பெரிய சோதனை. ஸ்டிக்கில் கையை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ ஆள் அந்தப் பக்கம் போவார், யோசிக்க வேண்டியதில்லை. கட்டைவிரல் வலிக்கிறவருக்குக் குதிக்கிற வேலையைத் திரும்பவும் கட்டைவிரலுக்கே கொடுப்பதும் எனக்கு இடிக்கிறது.

எட்டுத்திக்கு

கட்டைவிரல் இங்கே குதிக்கும்போது மட்டும் கீழ்நோக்கி லேசாக அழுத்துகிறது, அவ்வளவுதான். பேடில் மேட்ச் முழுக்க டி-பேடின் மேலேயே, நடப்பது, குனிவது, தடுப்பது என்று எல்லாவற்றுக்கும் இறுகிக் கிடக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ண முடியாது அண்ணா.

பழகும் காலத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை.

டொராண்டோ_வேலன்

பேடை இப்படிக் கைவிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். நான் கன காலமாகப் பேடில்தான் ஆடுகிறேன்.

2014 ஈவோவில் (சண்டை கேம்களுக்கான பெரிய போட்டி) அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ஐ வென்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் லஃபி கையில் வைத்திருந்தது என்ன தெரியுமோ? முதலாவது பிளேஸ்டேஷனுடைய பழைய பேட். அனலாக் ஸ்டிக் கூட இல்லாதது. 2024 ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐ வென்ற பங்க்கும் பேட் ஆட்டக்காரர்தான். ஆகவே பேடில் மேலே போக ஏலாது என்று யாரும் பயப்படத் தேவையில்லை.

கென்_கோவைக்கு உள்ள சிக்கல் பேட் என்கிற வகையில் இல்லை, அந்தக் குறிப்பிட்ட பேடின் அமைப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். டூயல்சென்ஸின் டி-பேட் நான்கு தனித்தனித் துண்டுகளாக மேலே தெரியும். மூலைவிட்டம் போக விரல் ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்கு ஏற வேண்டும். அந்த விளிம்புதான் தோலைத் தேய்க்கிறது. எக்ஸ்பாக்ஸ் பேடில் வேறு தொல்லை: டி-பேட் கீழேயும் உள்பக்கமாகவும் இருப்பதால் கட்டைவிரல் உள்ளங்கையின் குறுக்கே மடங்கியபடி ஆட வேண்டும். இரண்டுமே சண்டை கேமை மனதில் வைத்துச் செய்தவை அல்ல.

சேகா சாட்டர்ன் பேடின் வட்டமான டி-பேடைத் தொட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். விரல் தூக்காமலே உருளும். இன்று அந்த வழியில் வருவது 8பிட்டூ எம்30. ஹோரியின் ஃபைட்டிங் கமாண்டர் ஆக்டாவும் உண்டு, வலப்பக்கம் ஆறு பட்டன் முகத்திலேயே இருக்கும், ஆகவே பழைய_காசு சொன்ன ஆர்2 தொல்லை தீர்ந்தது. இடது அனலாக் ஸ்டிக்கைச் சுற்றி எண்கோண விளிம்பு வைத்திருக்கிறார்கள். டி-பேட் வலிக்கிற நாளில் அந்த ஸ்டிக்குக்கு மாறி ஆடலாம். இரண்டுமே ஸ்டிக், லெவர்லெஸ் அளவுக்கு விலை வராது.

மிஷிமா_பக்தன்

இழையின் தலைப்பில் டெக்கன் 8-உம் இருப்பதால் நானும் வருகிறேன்.

எந்த கேம் என்பதை வைத்து விடை மாறும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் திசைகளைச் சுழற்றுவது அதிகம், பட்டன் ஆறு. டெக்கனில் பட்டன் நான்குதான், ஒவ்வொன்றும் ஒரு கை அல்லது கால். அதனால் சாதாரண பேடின் முகப்பு நான்கு பட்டனே போதும், ஆறு பட்டன் பேடுக்கு அவசியம் இல்லை. ஆனால் இடது கைக்கு ஓய்வே கிடையாது. கொரியன் பேக்டேஷ் என்று பின்வாங்கும் அசைவு ஒன்று இருக்கிறது: பின், பின், கீழ்பின் என்று திரும்பத் திரும்ப. ஒரு ரவுண்டில் எத்தனை முறை செய்வோம் என்று எண்ணவே முடியாது.

கொரிய ஆட்டக்காரர்கள் இதற்கென்றே வேறு மாதிரி லெவர் வைத்திருக்கிறார்கள். சான்வாவில் ஸ்பிரிங் லெவரை நடுவுக்குக் கொண்டுவரும். கொரியன் லெவரில் ஒரு ரப்பர் வளையம் அந்த வேலையைச் செய்யும். சதுர கேட் கிடையாது, தலையும் உருண்டையாக இல்லாமல் நீளமாக இருக்கும். விட்டவுடன் டக்கென்று நடுவுக்கு வந்துவிடும். டெக்கனில் நடுநிலைக்குத் திரும்புவதே ஒரு உள்ளீடு என்பதால் அது பெரிய உதவி. நீ (Knee) என்ற பெயரில் ஆடும் கொரிய டெக்கன் ஆட்டக்காரர் பே ஜே-மின் பல வருடங்களாக அப்படிப்பட்ட லெவரில்தான் ஆடினார். ஆனால் ரப்பர் இறுக்கமாக இருக்கும், சிறிய கைக்காரர் ஒரு மாலை முழுக்க ஆடினால் முன்கை சொல்லும்.

நான் லெவர்லெஸ்ஸுக்கு மாறியது எலக்ட்ரிக்குக்காக (டெக்கனின் மிஷிமா பாத்திரங்கள் போடும் மின்னல் குத்து). முன், நடுநிலை, கீழ், அப்புறம் கீழ்முன்னும் வலது குத்தும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். ஒரு ஃபிரேம் என்றால் விநாடியில் 60-இல் ஒரு பங்கு. லெவரில் மூலைவிட்டத்தை எப்போது தொட்டோம் என்று கைக்குத் தெளிவாகத் தெரியாது. லெவர்லெஸ்ஸில் கீழைப் பிடித்தபடி, இடது கையின் முன் பட்டனையும் வலது கையின் குத்தையும் ஒன்றாகத் தட்டினால் போதும். இரண்டு கையையும் ஒன்றாகத் தட்டுவது யாருக்கும் வரும்.

கீபோர்டு_கார்த்தி

லெவர்லெஸ் ஒத்துவருமா என்று பார்க்கப் பைசா செலவு வேண்டாமே. கணினியில்தானே ஆடுகிறார்! கீபோர்டில் ஏ இடம், எஸ் கீழ், டி வலம், ஸ்பேஸ்பார் குதிப்பு. வலது கைக்கு யு, ஐ, ஓ குத்துகள், ஜே, கே, எல் உதைகள். ஏறக்குறைய லெவர்லெஸ் அமைப்பே இதுதான். சில வாரம் ட்ரெய்னிங் மோடில் ஆடுங்கள். பிடித்தால் பெட்டி வாங்குங்கள், பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் முதலில் சோதியுங்கள். மலிவான மெம்பிரேன் கீபோர்டு சிலவற்றில் மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஏதாவது ஒன்று பதிவாகாது. ஷோர்யுகென் வராமல் போனால் பழியை விரல் மேல் போடாதீர்கள். ட்ரெய்னிங் மோடில் உள்ளீட்டுப் பட்டியலைத் திரையில் காட்டும்படி வைத்து, நீங்கள் அழுத்தியதும் அங்கே வருவதும் ஒன்றா என்று பாருங்கள்.

பிகோ_பித்தன்

கையால் செய்கிற ஆர்வம் உண்டென்றால் இன்னொரு வழி. ராஸ்பெரி பை பிகோ என்ற சிறிய பலகை, 2021-இல் வந்தபோது விலை 4 டாலர். அதில் ஜிபி2040-சிஇ என்ற இலவசத் திறமூல மென்பொருளை ஏற்றினால் அது கன்ட்ரோலர் ஆகிவிடும். பட்டனிலிருந்து ஒரு ஒயர் பலகைக்கு, இன்னொரு ஒயர் பொதுவான கிரவுண்டுக்கு, அவ்வளவுதான் சுற்று. பெட்டிக்குத் தச்சரிடம் ப்ளைவுட்டில் ஓட்டை போட்டுக்கூட வாங்கலாம். என் நண்பர்கள் சிலர் முதலில் அட்டைப்பெட்டியில் செய்து பட்டன் இடைவெளி கைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் மரத்துக்குப் போனார்கள். கை சிறியது என்கிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. கடையில் வாங்கும் பெட்டியில் நம் விரல் நீளத்துக்கு யார் ஓட்டை போட்டுத் தருவார்கள்?

கணினியில் இது எந்தத் தொல்லையும் தராது. பிளேஸ்டேஷன் 4-இல் அனுமதிச் சாவி இல்லாத கன்ட்ரோலரை எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை அது துண்டித்துவிடும். பிளேஸ்டேஷன் 5-இல் இன்னும் கண்டிப்பு. அங்கே ஆடுகிறவர்கள் வாங்குவதற்கு முன் பெட்டியின் மேல் எந்த கன்சோல் என்று எழுதியிருக்கிறது என்பதை நன்றாகப் படியுங்கள்.

சத்தம் பற்றிக் கேட்டிருந்தார். சான்வாவில் சத்தம் குறைந்த பட்டன்கள் தனியாக வருகின்றன, ஆனால் லெவருக்கு அடியில் உள்ள மைக்ரோ ஸ்விட்ச் கிளிக் கிளிக் என்றுதான் இருக்கும், நள்ளிரவில் நன்றாகவே கேட்கும். மெலிதான லெவர்லெஸ் பெட்டிகளில் மடிக்கணினி விசை மாதிரி தாழ்வான ஸ்விட்ச் வரும். லீனியர் வகை (அழுத்தும்போது கிளிக் இல்லாதது) கேட்டு வாங்கி, உள்ளே ஃபோம் ஒட்டினால் அறைக்கு வெளியே கேட்காது. பேட்தான் எல்லாவற்றிலும் அமைதி.

அப்புறம், வெளிநாட்டுத் தளத்தில் விலையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்த்துத்தான் உண்மையான விலை. கனமான ஆர்கேட் ஸ்டிக்குக்கு அனுப்பும் செலவே கண்ணைக் கட்டும்.

பிசியோ_நித்யா

வேறு ஒரு வழியையும் சொல்லிவிடுகிறேன். கென்_கோவை, நீங்கள் கிளாசிக் கன்ட்ரோலில் ஆடுவதாகச் சொன்னீர்கள். கை ஆறும் வரை மாடர்ன் கன்ட்ரோலில் ஆடலாமே? ஸ்பெஷல் மூவ் ஒரு பட்டனில் வரும். அப்படிப் போட்டால் அடி 20 சதவீதம் குறையும், சில நார்மல் அடிகளும் இருக்காது. ஆனால் கட்டைவிரல் சுழற்றும் வேலை பெருமளவு போய்விடும்.

பழைய_காசு

மாடர்னில் ஆடினால் கை கிளாசிக்கை மறந்துவிடும். என்னால் அதைப் பரிந்துரைக்க முடியாது.

பிசியோ_நித்யா

கை மறந்தால் திரும்பக் கற்றுக்கொள்ளலாம். மூட்டு கெட்டால் அப்படி முடியாது அண்ணா. வலிக்க வலிக்க ஆடிவிட்டு, கடைசியில் பேனா பிடிக்க முடியாமல் வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

பழைய_காசு

அது சரி. அதற்கு மேல் நான் பேசவில்லை.

கென்_கோவை

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ராங்க் மேட்சை நிறுத்திவிட்டுக் கைக்கு ஓய்வு கொடுத்தேன். பிறகு கார்த்தி சொன்னபடி கீபோர்டில் இறங்கினேன். முதல் நாட்களில் பழைய_காசு அண்ணன் சொன்னதே நடந்தது. எதிராளி குதித்து வருகிறார், நான் ஷோர்யுகென் நினைக்கிறேன், என் கென் அவரோடு சேர்ந்து குதிக்கிறான். ஆனால் ஹடோகென் மிகச் சீக்கிரம் வந்துவிட்டது. எட்டுத்திக்கு சொன்ன ஷோர்யுகென் முறையை உள்ளீட்டுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே செய்தேன்: முன், கீழ், கீழ்முன் என்று மூன்றே வரி, சுத்தமாக. பேடில் அதே மூவுக்கு ஆறேழு வரி குப்பையாக வரும்.

சதைமேட்டு வலி இல்லை. கட்டைவிரல் ஸ்பேஸ்பார் மேல் சும்மா கிடக்கிறது, வேண்டியபோது மட்டும் தட்டுகிறது.

ஆனால் வேறு ஒன்று தெரிகிறது. நீண்ட நேரம் ஆடினால் இடது மணிக்கட்டின் மேல்பக்கம் இறுகுகிறது. பின்னால் நடப்பதற்கும் தடுப்பதற்கும் மோதிரவிரல் ஏ மேலேயே கிடப்பதால் அதுவும் களைக்கிறது. இது கீபோர்டால் வருகிறதா, இந்த முறையாலேயே வருகிறதா?

நண்பர் ஒருவர் வீட்டில் சான்வா போட்ட ஸ்டிக்கையும் தொட்டுப் பார்த்தேன். மடியில் வைத்து ஆடும் பெரிய பெட்டி. உருண்டையைப் பிடிப்பதிலேயே ஒரு சுகம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் என் கைக்கு லெவரின் ஓட்டம் நீளமாகப் பட்டது. மூலையைத் தேடுவதற்குள் எதிராளி அடித்துவிடுகிறார்.

பழைய_காசு

எப்படிப் பிடித்தீர்கள்? முஷ்டியால் உருண்டையை மூடிக்கொண்டு தோளிலிருந்து தள்ளினால் ஓட்டம் நீளமாகத்தான் தெரியும். தண்டை மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் விட்டு, உருண்டை உள்ளங்கையில் லேசாகத் தங்கும்படி அடியிலிருந்து பிடியுங்கள். ஒயின் கிண்ணப் பிடி என்பார்கள். அப்போது விரலின் சின்ன அசைவே போதும். அல்லது கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றால் மேலிருந்து. இரண்டையும் பாருங்கள்.

மூலை கிடைக்கவில்லை என்று எண்கோண கேட் மாட்டச் சிலர் சொல்வார்கள். சான்வாவுக்கு ஜிடி-ஒய் என்று விற்கிறது. நான் சதுரத்தின் பக்கம். சதுரத்தில் கீழ்ப்பின் மூலையில் லெவரைச் சாய்த்து வைத்தால் அங்கேயே தங்கும், குனிந்து தடுப்பதற்குக் கை தளர்வாக இருக்கலாம். எண்கோணத்தில் எட்டுப் பள்ளம் இருப்பதால் ஒவ்வொன்றும் ஆழம் குறைவு, பிடித்து வைக்கக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். கை இதம் என்று பார்த்தால் சதுரம்.

சரி, உங்கள் கைக்கு லெவர்லெஸ்தான் என்று தோன்றுகிறது. சந்தோஷமாகப் போங்கள்.

பிசியோ_நித்யா

மணிக்கட்டு இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் உயரம். கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிட்டீர்களா? அவை தூக்கி நின்றால் கை மேல்நோக்கி வளைந்தே இருக்கும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில், முன்கை மேசையில் படிந்து, கையின் பின்புறமும் முன்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியைச் சிறிது உயர்த்தினாலே பாதி சரியாகலாம்.

லெவர்லெஸ் வாங்கும்போதும் இதைத்தான் பாருங்கள். மரப்பெட்டி மாதிரி உயரமானதில் முன்கை முழுவதையும் பெட்டி மேல் வைக்க இடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மணிக்கட்டு விளிம்பில் தொங்கும், அதைவிட மெலிதானதே மேல். ரேசர் கிட்சுனே போன்றவை 2 சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமன்.

இன்னொன்று. கீபோர்டில் ஏ, எஸ், டி ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன, நம் விரல்கள் அப்படி இல்லை. நடுவிரல் நீளம், மோதிரவிரல் குட்டை. அதனால் கை சுண்டுவிரல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. லெவர்லெஸ் பெட்டிகளில் பட்டன்கள் விரல் நுனி வளைவுக்குத் தக்கபடி இருக்கும். மோதிரவிரல் களைப்பு அதனாலேயே குறைய வாய்ப்பு உண்டு.

டொராண்டோ_வேலன்

அப்ப பேடுக்கு ஒரு வோட்டும் இல்லையோ! பரவாயில்லை, கை சுகமாக இருந்தால் போதும். பயணம் போகும்போது பையில் ஒரு ஆறு பட்டன் பேட் வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கும் கைகொடுக்கும்.

கென்_கோவை

மெலிதான லெவர்லெஸ் ஒன்றை உள்ளூர் விற்பனையாளர் வழியாக ஆர்டர் போட்டாயிற்று. தாழ்வான லீனியர் ஸ்விட்ச், பட்ஜெட்டுக்குள்தான் வந்தது. ஒயர் மட்டும், புளூடூத் இல்லை.

கடைசியாக ஒன்று. இடமும் வலமும் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும் என்பதை மாற்ற அதில் நாலைந்து மோடு இருக்கிறதாம். எதில் வைப்பது? ஊரில் சின்னப் போட்டி எதிலாவது சேரலாம் என்றும் ஆசை.

எட்டுத்திக்கு

இரண்டு எதிர்த் திசையும் சேர்ந்தால் நடுநிலை, அந்த மோடில் வையுங்கள். இடம்-வலம் மட்டும் போதாது, மேல்-கீழும் நடுநிலையாக இருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 காலத்துக் காப்காம் (ஸ்ட்ரீட் ஃபைட்டரைச் செய்யும் நிறுவனம்) போட்டி விதிகள் இப்படித்தான். கடைசியாக அழுத்தியது ஜெயிக்கும் என்கிற மோடு அங்கே அனுமதி இல்லை. அதில் பின்னைப் பிடித்தபடியே முன்னைத் தட்டலாம், பின்னை விட வேண்டிய அவசியமே இருக்காது. 2019-இல் ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமேஹாரா கொண்டுவந்த லெவர்லெஸ் பெட்டியை, காப்காம் நடத்தும் காப்காம் புரோ டூர் போட்டித்தொடரில் அனுமதிக்காதபோது நடந்த விவாதமும் இதைச் சுற்றித்தான். வீட்டில் ஒரு மோடு, போட்டியில் ஒரு மோடு என்று பழகாதீர்கள். நான் சொன்ன ஷோர்யுகென் முறையும் நடுநிலை மோடில்தான் வேலை செய்யும்.

பெட்டி வந்ததும் மேசையில் நேராக வைக்காதீர்கள். இடது முன்கை இயல்பாக எந்தச் சாய்வில் மேசை மேல் விழுகிறதோ, பெட்டியை அந்தச் சாய்வுக்குத் திருப்புங்கள். மெலிதான பெட்டி நழுவும், அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போடுங்கள். அழுத்தமாகப் பிடிக்கும் பழக்கம் உண்டு என்றீர்கள், அதற்கு ட்ரெய்னிங் மோடில் பட்டன் பதிவாகும் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டு, அதிலேயே நடக்கவும் தடுக்கவும் செய்யுங்கள். காம்போ எல்லாம் அப்புறம்.

கையை வைத்த பிறகு மேலிருந்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். மணிக்கட்டுக் கோணத்தை நித்யாவும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.